கணிப்பொறிக்கும் ஒரு டிரைவர் வேண்டும்!

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் பட்டயப் பிரிவு)

நம் தூத்துக்குடியில் டிரைவர் என்று சொன்னால், துறைமுகத்துக்கு ஓடுகிற கன்டெய்னர் லாரிதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். லாரி எவ்வளவு புதுசாக இருந்தாலும் டிரைவர் ஏறி உட்காராமல் நகராது. கணிப்பொறியிலும் இதே கதைதான். பிரிண்டர், ஸ்கேனர், வைஃபை என்று எதை எடுத்தாலும், அதற்கென்று ஒரு டிரைவர் மென்பொருள் இல்லையென்றால் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா. அந்த டிரைவரை எழுதுவது யார்? எழுதிய பிறகு வருஷக்கணக்கில் பராமரிப்பது யார்? இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

டிரைவர் என்பது என்ன?

ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேசுவது ஒரு பாஷை. கருவிக்குள் இருக்கும் சிப்புக்குப் புரிவது வேறு பாஷை. இரண்டுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பதுதான் டிரைவர். 'இந்தப் பக்கத்தை அச்சடி' என்று நாம் சொன்னால், தலையை இவ்வளவு நகர்த்து, இந்த ஊசியை அடி, காகிதத்தை மேலே தள்ளு என்று பிரிண்டருக்குப் புரிகிற கட்டளைகளாக அது மாற்றிக் கொடுக்கும்.

சில கருவிகளுக்குப் பொது பாஷை உண்டு. ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸ்களில் கரகரவென்று சத்தம் போடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களில் பல, யார் தயாரித்திருந்தாலும், எப்சன் கம்பெனி வகுத்த கட்டளை முறைக்குக் கட்டுப்படும். ஒரே டிரைவர் பலவற்றுக்குப் போதும். வைஃபை சிப், கிராபிக்ஸ் கார்டு போன்றவை அப்படியல்ல. ஒவ்வொன்றுக்கும் தனி பாஷை. அதன் அகராதி பெரும்பாலும் கம்பெனியின் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும்.

பிரிண்டரில் தொடங்கிய இயக்கம்

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கினால் உடனே எல்லோருக்கும் தகவல் போகிற மாதிரி மாற்றி எழுத ரிச்சர்ட் ஸ்டால்மன் நினைத்தார். மூல நிரல் கிடைக்கவில்லை. கையில் இருந்தவரும் தர மறுத்துவிட்டார். 'என் மேஜையில் இருக்கிற மெஷினைச் சரிசெய்ய எனக்கே உரிமை இல்லையா?' என்ற அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983-இல் குனு திட்டம் பிறந்தது. 1991-இல் பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டார்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். இன்று அந்தக் கெர்னல் ஏறக்குறைய 4 கோடி வரிகள். அதில் பாதிக்கு மேல் டிரைவர்களே!

கம்பெனிகள் விண்டோஸுக்கு டிரைவர் எழுதித் தந்துவிடும். வியாபாரம் அங்கேதான் அதிகம். லினக்ஸுக்குப் பல வருஷம் தரவில்லை. ப்ராட்காம் வைஃபை சிப்புக்கு என்ன நடந்தது தெரியுமா? தன்னார்வலர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு கம்பெனியின் மூடிய டிரைவரைப் பிரித்துப் பிரித்து ஆராய்ந்து குறிப்பு எழுதியது. இன்னொரு குழு அந்தக் குறிப்பை மட்டும் படித்துப் புது டிரைவர் எழுதியது. 2006-இல் அது கெர்னலில் சேர்ந்தது. கம்பெனியே திறந்த டிரைவரைத் தந்தது 2010-இல்தான்.

நம் தமிழ்நாட்டிலும் இதற்கு வரலாறு உண்டு. 2007 வாக்கில் அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. அதே காலத்தில் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் மாணவர் கைக்கு வந்தது.

துட்டு வாங்காமல் யார் செய்வார்கள்?

என் அப்பா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முன்பணம் வாங்கி ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் எடுத்துத் தந்தார். அதில் லினக்ஸ் போட்டுக்கொண்டிருந்தபோது இந்த விஷயங்களைச் சொன்னேன். அப்பா கேட்டார், "துட்டு வாங்காம எவம்ல இந்த வேலையெல்லாம் பாப்பான்?"

நியாயமான கேள்வி. கெர்னலுக்குள் 'மெயின்டெய்னர்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு, எந்த நிலையில் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கும். சம்பளம் வாங்கிக்கொண்டு பார்ப்பவர் இருந்தால் 'சப்போர்டட்'. யாரோ ஒருவர் உண்மையாகக் கவனித்துக்கொண்டால் 'மெயின்டெய்ண்ட்'. ஆள் உண்டு, ஆனால் நேரமில்லை, எப்போதாவது ஒட்டுப்போடுவார் என்றால் 'ஆட் ஃபிக்ஸஸ்'. யாருமே இல்லையென்றால் 'ஆர்ஃபன்', அதாவது அநாதை. மணிவண்ணன் சதாசிவம் என்ற தமிழ்ப் பெயரையும் அந்தப் பட்டியலில் பார்த்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம்! பி.சி.ஐ. டிரைவர்களில் ஒரு பகுதி அவர் பொறுப்பில் இருக்கிறது.

ஆக, புதுக் கருவிகளுக்குப் பெரும்பாலும் கம்பெனி ஆட்கள் உண்டு. பழைய கருவிகளுக்குத்தான் தன்னார்வலர்கள். ராத்திரியிலும் லீவு நாளிலும் உட்கார்ந்து பார்க்கிறவர்கள்.

ஒருமுறை எழுதிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை புதுக் கெர்னல் வருகிறது. உள்ளே ஒரு அமைப்பு மாறினால் அதை நம்பியிருக்கும் டிரைவர்களும் மாற வேண்டும். மாற்றி எழுதுவதைக்கூட யாராவது செய்துவிடுவார்கள். ஆனால் மாற்றிய டிரைவர் ஓடுகிறதா என்று கருவியைச் சொருகிப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே!

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடலுக்குள் இறங்குகிறவருக்கு மேலே படகில் கயிறு பிடிப்பவர் மனைவியோடு பிறந்த மச்சானாகத்தான் இருப்பார் என்று நம் ஊரில் சொல்வார்கள். தங்கச்சி தாலிக்காகவாவது கண் அசராமல் நிற்பார் அல்லவா? முத்தைப் பார்க்கிற யாரும் கயிறு பிடித்தவரைக் கேட்பதில்லை. டிரைவரைப் பராமரிப்பவர் நிலையும் அதுவே.

ஃப்ளாப்பி சொல்லும் பாடம்

2019 ஜூலையில் ஃப்ளாப்பி டிரைவரை டார்வால்ட்ஸ் 'அநாதை' என்று குறித்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த யிரி கொசினாவிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. வேலை செய்கிற ஃப்ளாப்பி டிரைவ்தான் அவரிடம் இல்லை! பிறகு டெனிஸ் எஃப்ரெமோவ் என்பவர் பொறுப்பேற்றார். அதனால் அந்த டிரைவர் பிழைத்தது.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்று. ஒரு டிரைவரின் ஆயுள், அந்தக் கருவியைக் கையில் வைத்திருப்பவரின் அக்கறையைப் பொறுத்தது. வசதியான நாடுகளில் ஐந்து வருஷத்தில் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பழைய கருவிகள் எங்கே இருக்கின்றன? நம்மிடம்தான்!

எங்கள் தெரு ஜெராக்ஸ் கடை அண்ணாச்சியிடம் ஒரு பழைய லேசர் பிரிண்டர் இருக்கிறது. புது விண்டோஸுக்கு அதன் கம்பெனி டிரைவர் தரவில்லை. சர்வீஸ் ஆள் புதுசு வாங்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். "ஏல தம்பி, பிரிண்டர் நல்லாத்தான இருக்கு, எதுக்குத் தூரப் போடச் சொல்லுதானுவ?" என்று கேட்டார் அண்ணாச்சி. பென் டிரைவில் லினக்ஸ் கொண்டுபோய்ச் சொருகினேன். பிரிண்டர் தானாகவே பட்டியலில் வந்து முதல் பக்கத்தை அச்சடித்தது. அதற்கு டிரைவர் எழுதிய முகம் தெரியாத ஆளால் அண்ணாச்சிக்குப் பல ஆயிரம் ரூபாய் மிச்சம்.

நாம் செய்யக்கூடியது

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பல பழைய மெஷின்களில் ஏறாது. நம்மைப் போன்றவர்களுக்கு லினக்ஸ் ஆசைக்கு அல்ல, தேவைக்கு. அப்படியென்றால் நம் பங்கும் வேண்டாமா?

ஒன்று: பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி ஒவ்வொரு கருவியையும் சோதிக்கலாம். ஹார்டு டிஸ்க்கில் கை வைக்க வேண்டாம்.

இரண்டு: வேலை செய்யவில்லையென்றால் 'ஓடலை' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. கருவியின் அடையாள எண், கெர்னல் பதிப்பு, கெர்னல் காட்டிய செய்தி, கடைசியாக எந்தப் பதிப்பில் ஓடியது என்ற நான்கையும் எழுத வேண்டும்.

மூன்று: யு.எஸ்.பி. கருவி ஒவ்வொன்றுக்கும் கம்பெனி எண், பொருள் எண் என்று இரண்டு உண்டு. பழைய சிப்பையே புது டப்பாவில் போட்டு விற்றால் எண் மட்டும் மாறும். டிரைவரின் பட்டியலில் அந்த எண்ணை ஒரே வரியில் சேர்த்தாலே பல சமயம் கருவி ஓடிவிடும். அந்த ஒரு வரியை நம் லேபிலேயே எழுதிச் சோதித்து அனுப்பலாம். பட்டயப் படிப்பு போதும்.

நான்கு: பராமரிப்பவர் நம் வேலைக்காரர் அல்ல. பதில் தாமதமானால் பொறுக்க வேண்டும். சரியானதும் ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

நம் கல்லூரி லேப் அலமாரியில் டிரைவர் இல்லை என்று ஒதுக்கிய கருவிகள் பல தூசி படிந்து கிடக்கின்றன. வருகிற கல்வியாண்டில் மாதம் ஒரு சனிக்கிழமை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்து, ஓடுவது எது, ஓடாதது எது என்று பட்டியல் போட்டு, ஓடாதவற்றைப் பற்றி முறையாக எழுதி அனுப்ப மாணவர் பேரவை ஏற்பாடு செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.