காற்றைத் தள்ளும் பெட்டி

லீட் கிதார் வாசிப்பவர் 30 வாட் ஆம்ப் ஒன்றை வைத்துக்கொண்டு டிரம்ஸுக்கு ஈடுகொடுத்துவிடுகிறார். பக்கத்தில் நிற்கும் பேஸ் கிதார்காரரோ 100 வாட் ஆம்பின் குமிழை முழுக்கத் திருகியும், தொம் தொம் என்ற மங்கலான உறுமல்தான் சபைக்குப் போகிறது. எந்த ஸ்வரம் என்று யாருக்கும் தெரிவதில்லை. இந்த நிலையில் பலரும் கடைக்குப் போய் இன்னும் கூடுதல் வாட் உள்ள ஆம்பைக் கேட்கிறார்கள். பெரும்பாலான சமயம் குறை வாட்டில் இருப்பதில்லை.

முதல் தடை நம் காதுதான். நாலு தந்தி பேஸ் கிதாரின் மிகத் தடித்த தந்தி நொடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. சாதாரண கிதாரில் அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே, 82 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலிகளுக்கு மனிதக் காது மிகவும் மந்தம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து 1933இல் வெளியிட்டார்கள். மெல்லிய சத்தத்தில் 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்குச் சமமாக 40 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமானால், சுமார் 40 டெசிபல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். சத்தம் ஏற ஏற இந்த இடைவெளி குறையும், ஆனால் முழுதாக மறையாது. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பத்து மடங்கு மின்திறன் செலவாகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பேஸ்காரரின் பாடு புரியும்.

இரண்டாவது தடை ஸ்பீக்கர். ஒரு ஸ்வரத்தை அதே அழுத்தத்தில் ஒரு ஸ்தாயி கீழே இறக்கி ஒலிக்க, ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் நாலு மடங்கு தூரம் அசைய வேண்டும். கூம்பு போகக்கூடிய தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தொட்டபின் ஊட்டுகிற வாட்டெல்லாம் சூடாகவும் கரகரப்பாகவும்தான் மாறும். மெதுவாக வீசி நிறையக் காற்று வரவழைக்கப் பெரிய விசிறி வேண்டும். அதுபோல பேஸுக்குக் கூம்பின் பரப்பு வேண்டும்.

பேஸ் ஆம்பின் வரலாறே இந்தப் பரப்பைத் தேடிய வரலாறுதான். லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கென்றே மறு ஆண்டு வந்த பேஸ்மேன் ஆம்பில் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுதான். திறன் சுமார் 25 வாட். சிறு நடன அரங்குகளுக்கு அது போதும். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே மைதானத்தில் 55,000 பேருக்கு மேல் கூடிய கூட்டத்தின் முன் பீட்டில்ஸ் வாசித்தபோது, 100 வாட் வாக்ஸ் ஆம்புகளும் ரசிகர்களின் கூச்சலில் மூழ்கிப்போயின. 1969இல் ஆம்பெக் நிறுவனம் எஸ்.வி.டி. என்ற 300 வாட் வால்வு ஆம்பைக் கொண்டுவந்தது. அதன் தலைப்பகுதி மட்டுமே 40 கிலோவுக்கு அருகில் வரும். ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அந்த ஆண்டு தன் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அதைப் பயன்படுத்தியது.

எல்லாரும் அந்த 300 வாட்டைத்தான் பேசுகிறார்கள். என் பார்வையில் விஷயம் அதனுடன் வந்த ஸ்பீக்கர் பெட்டியில் இருக்கிறது. எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் சேர்ந்தால், ஒரு 15 அங்குல ஸ்பீக்கரைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் பரப்பு கிடைக்கிறது. இன்றும் அதே அமைப்பில் விற்கும் பெட்டிக்குத் தயாரிப்பாளர் தரும் கணக்கு இன்னும் சுவையானது: 58 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதன் ஒலி சரியத் தொடங்கி, 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் குறைந்துவிடுகிறது. அதாவது, பேஸின் கடைசித் தந்தியுடைய அடிப்படை அதிர்வை அது பலவீனமாகத்தான் தருகிறது. ஆனாலும் நமக்கு அந்த ஸ்வரம் முழுசாகக் கேட்கிறது. 82, 123, 165 ஹெர்ட்ஸ் என்று மேலே வரிசையாக வரும் மேற்சுரங்களைக் கொண்டே மூளை 41 ஹெர்ட்ஸ் சுருதியை உணர்ந்துகொள்கிறது. இந்தத் துறையில் இதைவிட அழகான உண்மையை நான் அறியேன்.

இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் செலவில்லாமலே தீரும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது பேஸ் குமிழை ஏற்றி, நடுத்தர ஒலிகளுக்கான மிட் குமிழை இறக்கினால் காதுக்கு இதமாக இருக்கும். குழுவோடு சேர்ந்ததும் அதே ஒலி காணாமல் போகும். தாழ்ந்த பகுதியை 6 டெசிபல் ஏற்றுவது அங்கே நாலு மடங்கு மின்திறனைக் கேட்கிறது. அதைச் சற்றே இறக்கி, 250 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை ஏற்றினால் அதே ஆம்ப் சட்டென்று தெளிந்து கேட்கும்.

அதன் பிறகும் போதவில்லை என்றால் பெட்டியைக் கவனிக்கலாம். வாட்டை மட்டும் இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும். அதே மாதிரி இன்னொரு பெட்டியைச் சேர்த்தால், பரப்பும் கூடி, டிரான்சிஸ்டர் ஆம்பிலிருந்து இழுக்கும் திறனும் கூடி, 6 டெசிபல் வரை கிடைக்கலாம். இரண்டு 8 ஓம் பெட்டிகள் இணையாகச் சேர்ந்தால் 4 ஓம் ஆகும். ஆம்பின் பின்புறம் குறித்திருக்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. வாங்கும்போது ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்ற எண்ணைப் பாருங்கள். 97 டெசிபல் பெட்டி 500 வாட்டில் தருவதை 100 டெசிபல் பெட்டி 250 வாட்டிலேயே தந்துவிடும். சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த வாட்டில் அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் ஒருசேரக் கிடைக்கும். ஸ்பீக்கர் வல்லுநர் ஹோஃப்மன் பெயரால் வழங்கும் இந்த விதியை எந்த விளம்பரமும் மாற்ற முடியாது.

பெட்டியை வைக்கும் இடமும் முக்கியம். தெளிவைத் தரும் மிட் ஒலி நேர்க்கோட்டில் பாயும். தரையில் வைத்த பெட்டி, முன்னால் நிற்கும் பேஸ்காரரின் முழங்காலுக்குத்தான் வாசிக்கிறது. அவர் தனக்குக் கேட்கவில்லை என்று இன்னும் ஏற்ற, முன்வரிசை தவிக்கிறது. பக்கத்தில் கேட்காததற்குக் காரணமாக, எட்டு மீட்டர் நீளமுள்ள பேஸ் அலை விரிந்து உருவாகத் தூரம் வேண்டும் என்று சொல்வார்கள், அது சரியல்ல. ஹெட்ஃபோனில் பேஸ் கேட்கிறதே. பெட்டியை உயர்த்தினாலோ சாய்த்து வைத்தாலோ போதும்.

இப்போது இரண்டு மூன்று கிலோ எடையில் 500 வாட் தரும் கிளாஸ் டி ஆம்புகள் வந்துவிட்டன. பெரிய அரங்குகளில் ஆம்பிலிருந்து டி.ஐ. எனப்படும் நேரடி இணைப்பு மிக்ஸருக்குப் போகிறது. சபைக்கான பேஸை சப்வூஃபர்கள் பார்த்துக்கொள்கின்றன. மேடையில் இருக்கும் ஆம்ப், வாசிப்பவர்கள் கேட்பதற்கு மட்டும். டி.ஐ. பொத்தானை, குமிழ்களுக்கு முன்பே ஒலியை எடுக்கும் ப்ரீ நிலையில் வைத்துவிட்டால், மேடையில் மிட்டை ஏற்றினாலும் பேஸை இறக்கினாலும் மிக்ஸருக்குப் போகும் ஒலி மாறாது.