சட்டக் கல்வி: பணிபுரியும் இடத்தை முதலில் தீர்மானித்தல்

ஐக்கிய இராச்சியத்தில் மூன்று தனித்தனிச் சட்ட முறைமைகள் உள்ளன: இங்கிலாந்து-வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து. ஆகவே, செவன் கிங்ஸ் மாணவர் ஒருவர் சட்டம் பயில விண்ணப்பிக்கும் முன், தாம் எங்கே பணிபுரியப் போகிறார் என்பதைத் தீர்மானித்தல் நன்று. ஸ்கொட்லாந்தில் சொலிசிட்டராவதற்குப் பொதுவாக அந்நாட்டுச் சட்டப் பட்டமே தேவை. லண்டனில் பெறும் பட்டம் அதற்கு ஈடாகாது.

லண்டனில் சொலிசிட்டராக விரும்புவோர், 2021 முதல் நடைமுறையிலுள்ள எஸ்.கியூ.ஈ. தேர்வின் இரு பகுதிகளிலும் தேறி, இரண்டு ஆண்டுப் பணி அனுபவமும் பெறல் வேண்டும். இவ்வனுபவத்தை நான்கு நிறுவனங்கள் வரை பிரித்துப் பெறலாம். இலவசச் சட்ட ஆலோசனை நிலையத்தில் ஊதியமின்றி ஆற்றும் பணியும், சொலிசிட்டர் ஒருவர் உறுதிப்படுத்தினால், கணக்கில் சேரும்.

எனவே, புகழை மட்டும் நோக்காது, அத்தகைய நிலையம் உள்ள பல்கலைக்கழகங்களைக் கவனித்தல் பயன்தரும். மைல் எண்ட்டிலுள்ள குயின் மேரி பல்கலைக்கழகம் ஒன்றை நடத்துகிறது. செவன் கிங்ஸிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்ட் வழியாக நாள்தோறும் சென்றுவரலாம்.

பல்கலைக்கழகத்தின் திறந்த நாளில் கேட்க வேண்டியவை இரண்டு: பட்டதாரிகளுள் எத்தனை பேர் லண்டனில் சட்டப் பணி பெற்றனர்? எஸ்.கியூ.ஈ. தயாரிப்பு கட்டணத்தில் அடங்குமா?