புற்றுநோயாளியின் களைப்பும் கையிலுள்ள தொலைபேசியும்

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவர் "களைப்பாயிருக்கு" என்றால், "கொஞ்சம் படுத்தெழும்புங்க, சரியாகும்" என்பதே எமது வீடுகளில் வழமையான பதில். ஆனால் இது படுத்தெழும்பித் தீரும் களைப்பல்ல. இரவு முழுக்கத் தூங்கியவருக்கும் காலையில் முகம் கழுவுவதே பெரும் வேலையாகிவிடும். சிகிச்சை முடிந்து மாதங்கள் கடந்தும் சிலருக்கு நீடிக்கும். இதைச் சோம்பல் என்பது அநியாயம்.

இதைக் கவனிக்கப் புதிதாக எதையும் வாங்கத் தேவையில்லை. கையடக்கத் தொலைபேசியிலுள்ள குறிப்பேடே போதும். காலை, பகல், இரவு என மூன்று வேளையும் களைப்புக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் போடுங்கள். களைப்பே இல்லையென்றால் 0, தாங்கவே முடியாவிட்டால் 10. தூங்கிய நேரத்தையும் செய்த வேலையையும் ஒரு வரியில் சேருங்கள். எழுதச் சிரமப்படும் உம்மாவிடம் மகள் கேட்டுப் பதியலாம்.

சில வாரங்களில் ஓர் ஒழுங்கு தெரியவரும். கீமோ ஏற்றியபின் முதல் சில நாட்கள் பலருக்கு மோசமாக இருக்கும், பிறகு மெல்லக் குறையும். உடம்பு ஒத்துழைக்கும் நேரம் தெரிந்தால், குளிப்பையும் சமையலையும் அந்த நேரத்துக்கு வைக்கலாம். நோய் விசாரிக்க வருபவர்களையும் அப்போதே வரச் சொல்லலாம். (வருபவர்கள் பத்து நிமிடத்தில் எழும்பினால் பேருதவி.)

பகல் தூக்கத்துக்கு அரை மணித்தியால அலாரம் வையுங்கள். நீண்டால் இரவுத் தூக்கம் கெடும். வைத்தியர் அனுமதித்தால் தினமும் மெதுவாக நடக்க வேண்டும். களைத்தவரை நடக்கச் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் அளவான நடை இந்தக் களைப்பைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. தொலைபேசி காட்டும் பத்தாயிரம் அடி இலக்கை மறந்துவிடுங்கள். நேற்று நடந்ததே இன்றைய அளவு.

கிளினிக்கில்தான் இந்தப் பதிவு அதிகம் உதவும். கல்முனையிலிருந்து மஹரகமவுக்கு இரவு முழுக்கப் பயணித்து வருபவருக்கு, வைத்தியர் முன் கிடைப்பது சில நிமிடங்கள். சிங்களமும் சரளமாக வராது. "7, 7, 8" என்ற எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. எண் 4க்கு மேல் தொடர்ந்தால் கட்டாயம் காட்டுங்கள். இரத்தச்சோகை, தைரொய்ட் குறைபாடு, வலி, மனச்சோர்வு போன்றவை பின்னால் இருக்கலாம், அவற்றுக்கு மருந்துண்டு.

திடீரென மூச்சு வாங்கினாலோ, கீமோ நாட்களில் காய்ச்சல் வந்தாலோ, பதிந்து வைத்துக்கொண்டு அடுத்த கிளினிக் வரை இருக்காதீர்கள். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.