டர்போ பொருத்தியாயிற்று, இனிமேல்தான் வேலை



ஹவுராவிலிருந்து பர்தமான் செல்லும் உள்ளூர் ரயிலில் ஏறினால், உத்தர்பாராவுக்கு அடுத்தாற்போல் ஹிந்த்மோட்டார் என்றொரு நிலையம் வரும். கார் தொழிற்சாலை ஒன்றின் பெயரையே தன் பெயராகத் தாங்கி நிற்கும் நிலையம் அது. 1942-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், குஜராத்தின் ஓகா துறைமுகத்திலிருந்து 1948-ல் இங்கே இடம்பெயர்ந்தது. 2014 மே மாதத்தில் இதன் கதவுகள் அடைபட்டன. இந்நகரில் குடியேறிய நம்மவர்களுக்கு இந்தத் தொழிற்சாலை என்றால் அம்பாசடர்தான், அதிலும் மஞ்சள் டாக்சிதான் நினைவுக்கு வரும். ஆனால் கான்டெஸா என்ற பெரிய காரும் இங்கேதான் பிறந்தது. பிரிட்டனின் வாக்ஸால் விக்டர் காரை அடிப்படையாகக் கொண்ட அது, முதலில் அம்பாசடரின் 1.5 லிட்டர் இஞ்சினையே சுமந்துகொண்டு மூச்சு வாங்கியது. பின்னர் ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் பெட்ரோல் இஞ்சின் வந்தது. 1990-களின் பிற்பகுதியில் ‘2.0 டிஎல்டி’ என்றொரு வகையும் விற்பனைக்கு வந்தது. அதிலிருந்தது டர்போ பொருத்தப்பட்ட டீசல் இஞ்சின். ஆகவே வங்காளத்து மண்ணுக்கு டர்போ புதிதல்ல. 2002-ல் கான்டெஸாவின் உற்பத்தி நின்றது.

இப்போது உங்கள் வீட்டு வாலிபன் ஒருவன் பழைய 1.8 பெட்ரோல் கான்டெஸா ஒன்றை வாங்கியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு மாலைகளையும் சம்பாத்தியத்தின் பெரும் பங்கையும் அதற்கே கொடுத்திருக்கிறான். மல்லிக் பஜாரின் பழைய உதிரிபாகக் கடைகளில் மாதக்கணக்காய் அலைந்து டர்போவும் இன்டர்கூலரும் சேகரித்து, கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷனும் அமைத்துவிட்டான். இஞ்சின் கிளம்புகிறது. டர்போவின் விசில் சத்தத்தைக் கேட்க நண்பர்கள் கூடிவிட்டார்கள். எஞ்சியிருப்பது டியூனிங் மட்டுமே. கையிலிருந்த பணமும் பொறுமையும் தீர்ந்துபோவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஒரு வருடத்து உழைப்பு ஒரே மாலையில் பாழாவதும் இந்தக் கட்டத்தில்தான்.

டர்போ செய்யும் காரியம் எளிமையானது. இஞ்சினிலிருந்து வீணாய் வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, இஞ்சினுக்குள் திணிக்கிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலே அந்தத் தண்டு சுழலும். காற்று அதிகமானால் எரிபொருளும் அதிகம் எரியும், வலிமையும் கூடும். சுவிட்சர்லாந்தின் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி இதற்கு 1905-ல் காப்புரிமை பெற்றார்.

அமுக்கிய காற்று சூடாகும் என்பதுதான் சிக்கல். சிலிண்டருக்குள் வெப்பமும் அழுத்தமும் எல்லை மீறும்போது, ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ வந்து சேருமுன்பே ஓரத்தில் மிஞ்சியிருக்கும் பெட்ரோல் கலவை தானாகவே வெடித்துவிடும். மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். தகர டப்பாவில் கூழாங்கற்களைக் குலுக்கியது போன்ற ஓசை கேட்கும். சாதாரண இஞ்சினில் மேடு ஏறும்போது சற்றுக் கேட்டு நின்றுவிடும் இந்த ஓசை, டர்போ இஞ்சினில் சில விநாடிகளுக்குள் பிஸ்டனின் ஓரத்தை உடைத்துவிடக்கூடும், ஹெட் கேஸ்கட்டையும் பிளந்துவிடக்கூடும்.

பெரிய நிறுவனங்களும் இந்த இடத்தில் தடுமாறியிருக்கின்றன. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1962-ல் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நாக்கிங்கைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை இஞ்சினுக்குள் தெளிக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. வாங்கியவர்கள் பலர் அந்தத் திரவத்தை நிரப்ப மறந்தார்கள். திரவம் தீர்ந்ததும் கார் தன் காற்றழுத்தத்தைத் தானே குறைத்துக்கொண்டது. வலிமை போய்விட்டதென்று புகார் மேல் புகார் வந்தது. 1963-க்குப் பின் அந்தக் கார் தொடரவில்லை. 1965-ல் அந்நிறுவனமே விரும்பியவர்களுக்கு டர்போவைக் கழற்றி, இலவசமாக வேறு கார்புரேட்டர் பொருத்திக் கொடுத்தது.

அதனால் அந்த வாலிபனிடம் முதலில் சொல்லுங்கள்: ஆக்சிலேட்டரை மிதிக்கும் நாள் இன்னும் வரவில்லை. டியூனிங்குக்கு முன்னே பார்க்கவேண்டிய சிறு வேலைகள் உண்டு. அவை சலிப்பூட்டுபவை. ஆனால் டர்போ வண்டி கெட்டுப்போவது பெரும்பாலும் இவற்றால்தான்.

டர்போவுக்குத் தனி ஆயில் கிடையாது, இஞ்சின் ஆயிலேதான் அதற்கும் போகிறது. புதிதாகப் பொருத்திய டர்போவை ஆயில் எட்டுமுன் சுழலவிட்டால் அதன் பேரிங் தேயும். ஆகவே பற்றவைப்பதைத் துண்டித்துவிட்டு, ஆயில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் இஞ்சினைச் சுழற்றவேண்டும். டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் அகலமாகவும் மடிப்பின்றியும் கீழ்நோக்கிச் சரிந்தும் இருக்கவேண்டும், ஏனெனில் அந்த ஆயில் தன் எடையால் மட்டுமே கீழே இறங்குகிறது. இதில் குறை இருந்தால் சைலன்சரில் நீலப்புகை வரும். டர்போவே பழுது என்று எண்ணி இன்னொன்றை வாங்கி ஏமாறுவோர் உண்டு.

அடுத்தது காற்றுக் கசிவு. டர்போ முதல் இஞ்சின் வரையுள்ள ரப்பர் குழாய்களையும் கிளாம்புகளையும் பஞ்சர் கடைக்காரர் டியூபைச் சோதிப்பதுபோலவே சோதிக்கலாம். இஞ்சின் ஓடாத நிலையில் சிறிது காற்றழுத்தம் கொடுத்து, சோப்புத் தண்ணீர் தடவினால், கசியும் இடத்தில் குமிழி எழும். பழைய கான்டெஸாவுக்கு இன்னும் இரண்டு விசேஷ கவனங்கள் உண்டு. பிரேக் பூஸ்டர், இஞ்சினின் உறிஞ்சும் விசையால் வேலை செய்கிறது. டர்போ காற்றைத் திணிக்கும்போது அந்த உறிஞ்சல் இராது. ஆகையால் பிரேக் குழாயிலுள்ள ஒருவழி வால்வு பழுதின்றி இருந்தாக வேண்டும். இஞ்சினின் ஆயில் ஆவியை உறிஞ்சிக்கொள்ளும் குழாயிலும் ஒருவழி வால்வு வேண்டும். இல்லையேல் திணிக்கப்பட்ட காற்று இஞ்சினின் அடிப்பாகத்துக்குள் புகுந்து ஆயில் சீல்களைத் தள்ளிவிடும்.

இனி டியூனிங். வேஸ்ட்கேட் என்னும் வால்வு, டர்போவின் காற்றழுத்தம் எவ்வளவு உயரலாம் என்பதை வரையறுக்கிறது. அதிலுள்ள ஸ்பிரிங் அனுமதிக்கும் மிகக் குறைந்த அழுத்தத்தில், அதாவது ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ அளவில் தொடங்கவேண்டும். டைமிங் லைட்டைப் பிடித்து, கம்ப்யூட்டர் காட்டும் இக்னிஷன் டைமிங்கும் இஞ்சினில் உண்மையாய் நடப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்க்கவேண்டும். இதைச் செய்யாமல் திரையிலுள்ள எண்ணை மட்டும் நம்புவது, ஓடாத கடிகாரத்தைப் பார்த்து ரயிலுக்குக் கிளம்புவதைப் போன்றது.

கலப்பில்லாத பெட்ரோல் ஒரு பங்கு முழுமையாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். டர்போ முழு வேகத்தில் காற்றைத் திணிக்கும்போது அந்தக் கணக்கில் ஓட்டக்கூடாது. காற்று 11.5 முதல் 12 பங்கு வரை இருக்கும்படி பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுப்பார்கள். மிகுதியான பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டரின் வெப்பத்தைத் தணிக்கிறது. இதை அளக்க, புகைக் குழாயில் பொருத்தும் வைட்பேண்ட் சென்ஸார் என்னும் கருவி அவசியம். அதற்கு முன்னால் புகைக் குழாயில் சிறு ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து கருவி பொய் சொல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தற்காலத்தில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. 2025-க்குள் நாடெங்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்துவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் 14.7 என்ற கணக்கு ஏறக்குறைய 13.5 ஆகிவிடுகிறது. அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் அதிகம் வேண்டும். பத்தாண்டுக்கு முன் யாரோ செய்த டியூனிங் கணக்கை நகலெடுத்து ஏற்றினால் இஞ்சினுக்குப் பெட்ரோல் பற்றாமற்போகும். இருபது வருடத்துக்கு முந்தைய ரப்பர் பெட்ரோல் குழாய்களையும் எத்தனால் அரிக்கும். அவற்றையெல்லாம் மாற்றாமல் டர்போ பொருத்துவது பழைய கயிற்றில் புது வாளியைக் கட்டுவது போலத்தான்.

வேலை நடக்கவேண்டிய இடம் டைனோ. உருளைகளின்மேல் சக்கரங்களை நிறுத்தி, வண்டி நகராமலேயே இஞ்சினுக்குப் பாரம் கொடுக்கும் மேடை அது. முதலில் சும்மா ஓடும் நிலை, பிறகு இலேசான பாரம், அதன்பின்பே முழுப் பாரம். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் பதிவான எண்களைப் பார்க்கவேண்டும், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். பிளக்கின் பீங்கானில் மினுமினுக்கும் பொடிப்புள்ளிகள் தென்பட்டால், பிஸ்டனின் அலுமினியம் உருகத் தொடங்கிவிட்டது என்று பொருள். அன்றைய வேலை அதோடு முடிந்தது. டைமிங்கை அளவுக்கு மீறிப் பின்தள்ளினாலும் ஆபத்துதான், தீ புகைக் குழாயிலும் தொடர்ந்து எரிந்து டர்போ செந்தணலாய்ச் சிவக்கும். சரியான இடம் இவ்விரண்டுக்கும் நடுவே மிகக் குறுகலானது.

கொல்கத்தாவின் பருவமும் கணக்கில் சேரவேண்டும். டிசம்பர் காலைக் குளிரில் செய்து முடித்த டியூனிங், மே மாதத்துப் புழுக்கத்தில், சியால்தா நெரிசலில் அரைமணி நேரம் நின்றபின் அதேபோல் நடந்துகொள்ளாது. காற்றோட்டமின்றி இன்டர்கூலரே சூடேறியிருக்கும், நாக்கிங் எளிதில் வரும். உள்ளே போகும் காற்றின் வெப்பம் ஏற ஏற டைமிங்கைத் தானே குறைக்கும் திருத்தத்தைக் கம்ப்யூட்டரில் எழுதிவைப்பது அவசியம். என்னைக் கேட்டால், கடைசியாய் மிஞ்சியிருக்கும் பணத்தை அலாய் வீலுக்குச் செலவிடாமல் டைனோ நேரத்துக்கும் நல்ல டியூனருக்கும் கொடுக்கச் சொல்வேன். பெற்றோரே, அவன் உங்களிடம் பணம் கேட்டு வருவதும் இந்த வாரத்தில்தான் என்பதை மறவாதிருங்கள்.

டைனோவுக்குச் செல்ல மனமில்லாமல் நள்ளிரவில் நியூ டவுனின் அகன்ற சாலையில் சோதித்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். ஒருவன் ஓட்டுவான், பக்கத்தில் ஒருவன் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருப்பான். சாலையில் நடந்துபோகிறவனை இருவரில் யார் பார்ப்பது? சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும் வண்ணம் வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பதினைந்து வருடம் கடந்த சொந்தக் காருக்கு ஐந்து வருடத்துக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். அங்கே அதிகாரி பானெட்டைத் திறந்து பார்ப்பார். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் தேடுவதும் இப்படிப்பட்ட மாற்றத்தைத்தான்.

சட்டத்துக்குட்பட்டு இதே வேலையைச் செய்து காட்டியவர்களும் நம்மிடையே உண்டு. கோயம்புத்தூரில் பந்தய ஓட்டுநர் ஜே. ஆனந்த் நிறுவிய ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடா மோட்டார்ஸுடன் கூட்டாக டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்னும் கார்களை உருவாக்கி 2018 அக்டோபரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போதைய நெக்ஸானின் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இஞ்சின்தான் அவற்றிலும். நெக்ஸானில் 110 குதிரைத்திறனும் 170 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்த அந்த இஞ்சின், ஜேடிபியில் 114 குதிரைத்திறனும் 150 நியூட்டன் மீட்டருமாக டியூன் செய்யப்பட்டது. ஒரு எண் சற்று ஏறியது, இன்னொன்று இறங்கியது. பந்தயத்திலேயே வளர்ந்தவர்கள்கூட எல்லா எண்ணையும் ஏற்றப் பார்க்கவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். அந்தக் கார்கள் 2020-ல் நின்றுபோயின.

அப்படியானால் அந்தக் கான்டெஸாவை எங்கேதான் ஓட்டுவது? பந்தயத் தளத்தில் ஓட்டலாம். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-ல் திறந்த தளம் இருக்கிறது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயரைத் தாங்கிய தளமும் இருக்கிறது. 1988-ல் மாருதி 800 இஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் பந்தயக் காரை உருவாக்கிய கோவைக்காரர் அவர். கொல்கத்தாவிலிருந்து சென்னைக்குச் சாலைவழியே ஏறக்குறைய 1,650 கிலோமீட்டர். வண்டியை லாரியில் ஏற்றித்தான் அனுப்பவேண்டும். ஊருக்குப் போகும் விடுமுறையோடு சேர்த்துக்கொண்டால் செலவு சற்றுக் குறையும். ஏற்றுமுன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, டர்போ போல்ட்டுகளை இன்னொருமுறை முறுக்கிப் பாருங்கள், சூடேறி ஆறும்போது அவை தளரும். தளத்தில் நாலைந்து சுற்று வேகமாய் ஓட்டியபின் உடனே இஞ்சினை அணைக்கவேண்டாம். கடைசிச் சுற்றை மெதுவாய் ஓட்டி, நின்றபின்னும் ஓரிரு நிமிடம் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும். டர்போவுக்குள் தங்கும் ஆயில் கருகாமலிருக்க அது போதும்.