பந்தயம் காணாத கர்ஜனை

தொழிற்கடன் விண்ணப்பங்களை ஆராய்கையில், வாங்கிய இயந்திரம் எத்தனை நாள் உழைத்தது என்று வினவுவது வங்கியாளர்களாகிய எங்கள் வழக்கம். போட்டிக் களத்தில் ஒரு நாளேனும் உழைக்க வாய்ப்புப் பெறாத அரிய இயந்திரம் ஒன்றைப் பற்றி இங்கே எழுதுகிறோம். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், ஹால் கிரீன் பகுதியில் இயங்கிய வெலோசெட் நிறுவனம் உருவாக்கிய 'ரோரர்' என்னும் பந்தய மோட்டார்சைக்கிள் அது. கர்ஜிப்பது என்பது அப்பெயரின் பொருள்.

வெலோசெட் ஒரு குடும்பத் தொழில். ஜெர்மனியிலிருந்து குடியேறிப் பின்னர் குட்மேன் என்று பெயர் மாற்றிக்கொண்டவர் அதன் நிறுவனர். ஒற்றை உருளை எஞ்சின்களில் அந்நிறுவனத்துக்கு நற்பெயர் உண்டு. ஆயினும் 1930-களின் இறுதியில் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூவும் இத்தாலியின் கிலேராவும் சூப்பர்சார்ஜர் பொருத்திய வண்டிகளுடன் களமிறங்கின.

சாதாரண எஞ்சின் தானே காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. சூப்பர்சார்ஜரோ கொல்லனின் துருத்தியைப் போலக் காற்றையும் எரிபொருளையும் அழுத்தி உட்செலுத்துகிறது. அதே அளவு உருளையில் கூடுதல் எரிபொருள் எரிவதால் ஆற்றல் பெருகுகிறது. ஒற்றை உருளை எஞ்சினோ இரண்டு சுழற்சிக்கு ஒருமுறைதான் மூச்சிழுக்கும். இடைவிடாது ஊதும் துருத்தி அதற்குப் பொருந்துவது கடினம். வெலோசெட்டின் பொறியாளர் ஹரோல்ட் வில்லிஸ் 1930-களின் தொடக்கத்திலேயே ஒற்றை உருளை வண்டியில் இதைச் சோதித்து, அச்சிக்கலை நேரில் கண்டவர்.

ஆகவே ரோரரில் இரண்டு உருளைகள் அருகருகே அமைந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கிராங்க் தண்டு. பற்சக்கரங்களால் பிணைக்கப்பட்ட அவ்விரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழன்றன. ஒன்றன் உதறலை மற்றொன்று தணித்தது. ஒரு தண்டு சூப்பர்சார்ஜரை இயக்க, மற்றொன்று பின்சக்கரத்துக்கு விசை அளித்தது. பின்சக்கரத்துக்குச் சங்கிலி இல்லை, தண்டு வழி இயக்கமே. எங்கள் கண்ணுக்கு, அக்காலத்தின் மிக நேர்த்தியான தீர்வு இதுவே.

1939 ஜூனில் மாண் தீவுப் பந்தயத்துக்கு ரோரர் கொண்டுசெல்லப்பட்டது. புகழ்பெற்ற வீரர் ஸ்டான்லி உட்ஸ் பயிற்சி ஓட்டத்தில் அதைச் செலுத்தினார். ஆனால் வண்டி இன்னும் பக்குவப்படவில்லை. 500 சிசி பிரிவின் முதன்மைப் போட்டியில் அவர் பழைய ஒற்றை உருளை வண்டியிலேயே ஓடி நான்காமிடம் பெற்றார். முதலிரண்டு இடங்களையும் சூப்பர்சார்ஜர் பொருத்திய பிஎம்டபிள்யூ வண்டிகள் கைப்பற்றின. வென்றவர் ஜெர்மனியின் கியோர்க் மெயர்.

அதே கோடையில் வில்லிஸ் காலமானார். செப்டம்பரில் போர் மூண்டது. போர் ஓய்ந்தபின் 1946-இல் சர்வதேச விதிகள் சூப்பர்சார்ஜரையே தடைசெய்தன. ஒரு விதித் திருத்தம், ரோரருக்கு இருந்த ஒரே களத்தையும் மூடிவிட்டது. இதே இரட்டைத் தண்டு அமைப்பில், சூப்பர்சார்ஜர் இல்லாமல், சாலைப் பயன்பாட்டுக்கென உருவான மாதிரி வண்டியும் ஒன்றோடு நின்றுபோயிற்று.

நிறுவனம் முடங்கிவிடவில்லை. தன் பழைய ஒற்றை உருளை எஞ்சினைக் கொண்டே 1949, 1950 ஆகிய ஆண்டுகளின் 350 சிசி உலகப் பட்டங்களை வென்றது. ரோரரோ பல்லாண்டுகள் மௌனமாயிருந்தது. பிற்காலத்தில் வெலோசெட் ஆர்வலர் ஐவன் ரோட்ஸ் அதைச் சீரமைத்து, மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்.