பைஜாமாவில் விழுந்த ஓட்டை

பிரிட்டனில் கல்லூரிச் சேர்க்கையைக் கவனிக்கும் அமைப்பு யூகாஸ். 2007-ல் தனக்கு வந்த விண்ணப்பக் கட்டுரைகளில் 50,000-ஐ எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிடும் மென்பொருளில் போட்டுப் பார்த்தது. அதில் 234 பேருக்கு ஒரே விபத்து நேர்ந்திருந்தது! எட்டு வயதில் வேதியியல் சோதனை செய்து பைஜாமாவில் ஓட்டை போட்டுக்கொண்டார்களாம். அறிவியல் மோகம் பிறந்தது அப்போதுதானாம். வேறு சிலருடைய கட்டுரைகளில் ஒரு நோயாளித் தாத்தா திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார். மாதிரிக் கட்டுரையை அப்படியே சுட்டதில் வந்த வினை.

வெளிநாட்டு மேற்படிப்புக்காக நம்மூர்ப் பிள்ளைகள் எழுதும் எஸ்.ஓ.பி. என்ற நோக்கக் கடிதங்களிலும் இப்படியொரு பைஜாமா உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் அப்பா வாங்கித் தந்த முதல் கம்ப்யூட்டர். மெக்கானிக்கல் என்றால் ஐந்து வயதில் பிரித்துப் போட்ட பொம்மைக் கார். சிவில் என்றால் தஞ்சைப் பெரிய கோயில். எதுவும் தோன்றாவிட்டால் இருக்கவே இருக்கிறார் கலாம் ஐயா. கனவு காணச் சொன்ன வரியோடு முதல் பத்தி முடிந்துவிடும். கன்சல்டன்சி ஆள் பெயரையும் கல்லூரியையும் மட்டும் மாற்றிக் கையில் கொடுக்கிறார். அந்தப் பக்கம் உட்கார்ந்து படிக்கும் பேராசிரியர் அதே கோயிலை அந்த வாரம் எத்தனையாவது முறையாகச் சுற்றுகிறாரோ!

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த கடிதம் ஒன்றே ஒன்றுதான்: லீவ் லெட்டர். அனுப்புநர், பெறுநர், பொருள், காய்ச்சல், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்த மாணவன். காய்ச்சல் இல்லாதவனும் அதையேதான் எழுதினான். அதன்பிறகு பன்னிரண்டாவது வரை கைடு, கல்லூரியில் யூனிட் வாரியாகப் பதில். இப்படி வளர்ந்த பிள்ளையிடம் இருபத்தொரு வயதில் ஒருவர் வந்து, ‘நீ யார், என்ன படிக்க நினைக்கிறாய், அதற்கு எங்கள் இடம் எதற்கு?’ என்று கேட்டால், அது சிலபஸில் இல்லாத கேள்வி.

ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் ஈ.சி.ஈ. முடித்த பெண் தன் எஸ்.ஓ.பி.யை என்னிடம் காட்டினாள். அதில் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு ஒதுக்கியது ஒரே வரி: மண் ஈரத்தை அளந்து தானாகத் தண்ணீர் பாய்ச்சும் கருவியை வெற்றிகரமாக முடித்தாள். மீதி முழுக்க ஆர்வம், அளவற்ற ஆர்வம், தணியாத ஆர்வம்.

“ஏம்மா, அந்த சென்சார் கடைசி வரைக்கும் ஒழுங்கா ஓடுச்சா?”

“எங்கீங்க சார்… ரெண்டு வாரத்துல கம்பியெல்லாம் அரிச்சுப் போச்சுங்க. மஞ்சளுக்கு உரம் வெச்சதுக்கப்புறம் ரீடிங்கே தப்புத் தப்பா வந்துதுங்க. அப்பா வயலைப் பார்த்துட்டு, ‘மண்ணு காஞ்சு கெடக்குது, உன்ற மெசினு ஈரம்ங்குதே’ன்னு சிரிச்சாருங்க.”

உரத்தின் உப்பு மண்ணில் கரைந்தால் மின்சாரம் எளிதாகப் பாயும். மின்தடையை வைத்து ஈரத்தைக் கணக்கிடும் மலிவான சென்சார் அதை ஈரம் என்று எடுத்துக்கொள்ளும். இவள் அதைக் கண்டுபிடித்து வேறு வகை சென்சாருக்கு மாறியிருக்கிறாள். ஆனால் கடிதத்தில் அதைப் பற்றி மூச்சே இல்லை. “தப்பாப் போனதை எழுதினா சீட்டு குடுப்பாங்களாங்க?” என்று கேட்டாள். எழுதவேண்டியதே அதைத்தான். உப்புக்கு ஏமாறாத சென்சாரை எப்படிச் செய்வது என்பது அவளிடமே இருக்கும் கேள்வி. அந்தத் துறையில் வேலை செய்யும் ஆய்வுக்கூடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது என்று தேடி, அவர்களுடைய கட்டுரை ஒன்றிரண்டைப் படித்துவிட்டால் ‘ஏன் இங்கே?’ என்பதற்கும் பதில் கிடைத்துவிடும். அவர்கள் உலகத் தரவரிசையில் எத்தனையாவது இடம் என்பதை அவர்களுக்கே எழுதிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மண்ணிலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் போன கடிதங்களில் புகழ்பெற்றது 1913 ஜனவரி 16 தேதியிட்டது. சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் இருந்த குமாஸ்தா ராமானுஜன், கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதியது. அது சேர்க்கை விண்ணப்பம் இல்லைதான். ஆனாலும் அது அமைந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். தன் வேலை, சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதது எல்லாம் சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. கும்பகோணத்துச் சிறுவயது இல்லை, குலதெய்வம் நாமகிரித் தாயார் இல்லை. பிறகு பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். நான் ஏழை, இவற்றில் மதிப்பு இருப்பதாகத் தோன்றினால் வெளியிட விரும்புகிறேன் என்று தன் தேவையையும் நேராகச் சொல்லிவிடுகிறார். அதற்கு முன் கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற வேறு இரு கணிதவியலாளர்களுக்கு எழுதிப் பலனில்லை. பிப்ரவரி 8-ல் ஹார்டி எழுதிய பதிலில் நிரூபணங்களைக் கேட்டார்.

ஊருக்கு ஊர் முறை மாறும். இளநிலைப் படிப்புக்கு யூகாஸில் ஐந்து இடங்களுக்கும் ஒரே கட்டுரைதான் போகும். அதில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைப் புகழ்ந்து எழுதினால் மற்ற நான்கும் முகம் சுளிக்கும். 2026 சேர்க்கை முதல் அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். மொத்தம் 4,000 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. அமெரிக்காவில் மேற்படிப்புக்கு ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். பெர்க்லி படிப்பு நோக்கத்தை ஒரு கடிதமாகவும் சொந்தக் கதையை இன்னொன்றாகவும் கேட்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரி என்பதையெல்லாம் இரண்டாவதில் சொல்லலாம். ஜெர்மனிக்கு எழுதும் மோட்டிவேஷன் லெட்டரில் உருக்கம் எடுபடாது. அந்தப் படிப்பின் பாடங்களோடு நீங்கள் படித்தவை எப்படிப் பொருந்துகின்றன என்று காட்டினால் போதும். எந்த ஊருக்கு எழுதினாலும், அரியர் இருந்தால் காரணத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகரலாம். அதற்கு ஒப்பாரி வேண்டாம். சாட்ஜிபிடி எழுதித் தருமே என்பவர்களுக்கு: ஈரோட்டு வயலில் அரித்துப்போன கம்பி அதற்குத் தெரியாது.

எல்லாம் அனுப்பிய பிறகு வெயிட்லிஸ்ட் என்று பதில் வந்தால் இன்னொரு கடிதம் எழுதலாம். அமெரிக்கக் கல்லூரிகளிலும் மருத்துவப் பள்ளிகளிலும் இது வழக்கம். இடம் கொடுத்தால் நிச்சயமாக இங்கேதான் சேர்வேன், வேறெங்கும் போகமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கும் கடிதம் அது. நீதிமன்றத்துக்கு இழுக்க மாட்டார்கள் என்பதற்காக நாலு இடத்துக்கும் அதே சத்தியத்தைச் செய்வது அயோக்கியத்தனம். ஓர் இடத்துக்கு மட்டும்தான் எழுத வேண்டும். விண்ணப்பித்த பிறகு வந்த மதிப்பெண், முடித்த வேலை, வெளியான கட்டுரை என்று புதிதாக ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து ஒரே பக்கத்துக்குள் முடிக்கலாம். மேற்கொண்டு எதுவும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லும் கல்லூரிகளும் உண்டு. அவர்களைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதே மரியாதை. கூடவே தொகுதி எம்.எல்.ஏ.வின் லெட்டர்பேடில் ஒரு சிபாரிசும் வாங்கி இணைக்கலாமா என்று கேட்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள். வேண்டாம் சார்.