அரணை பாம்பல்ல

எருக்குழியைக் கிளறும்போதோ, கரும்பில் சோகை உரிக்கும்போதோ, பளபளவென்று ஏதேனும் நெளிந்து ஓடினால் உடனே தடியைத் தேடுகிறோம். அடித்த பிறகு பார்த்தால் பல வேளைகளில் அது அரணையாக இருக்கும். "அரணை கடித்தால் மரணம்" என்ற பேச்சு இன்னும் ஊர்ப்புறங்களில் வழங்கி வருகிறது. இது உண்மையன்று. அரணைக்கு நச்சுப்பையும் இல்லை, நச்சுப்பல்லும் இல்லை.

பல்லியின் உறவு

சில பகுதிகளில் பாம்பராணி என்று அழைக்கப்படும் அரணை, பல்லி, ஓணான், உடும்பு ஆகியவற்றின் உறவாகும். தோட்டங்களில் காணப்படும் ஒருவகைச் சிறிய அரணைக்கு உடல் குச்சிபோல் நீண்டும், கால்கள் மிகச் சிறுத்தும் இருக்கும். ஓடும்போது கால்கள் கண்ணில் படுவதில்லை. இதன் குஞ்சுகளுக்கு வால் சிவந்திருக்கும்.

சருகிலும் மண்ணிலும் நுழைந்து வாழும் உயிருக்குக் கால்கள் அவ்வளவாகப் பயன்படுவதில்லை. ஆகவே சில அரணை இனங்களில் அவை தலைமுறை தலைமுறையாகக் குறுகி, முடிவில் மறைந்தே போயின. ஒடிசாவின் சிலிகா ஏரியிலுள்ள பர்க்குடா தீவில், கால்களே இல்லாத அரணை ஒன்று வாழ்வதை அன்னண்டேல் என்ற விலங்கியலார் 1917-ஆம் ஆண்டில் எழுதினார். எனவே கால் இல்லாதது எல்லாம் பாம்பு ஆகிவிடாது.

வேறுபாடுகள்

1. கண்: அரணை கண் இமைக்கும். பாம்புக்கு இமை இல்லை. கண்ணாடி போன்ற செதில் ஒன்று கண்ணை மூடியிருக்கும்.

2. காது: அரணையின் கண்ணுக்குப் பின்னால் சிறு காதுத் துளை உண்டு. பாம்புக்கு வெளிக்காது கிடையாது.

3. நாக்கு: அரணையின் நாக்கு தட்டையானது, நுனியில் மட்டும் சிறு வெட்டு இருக்கும். பாம்பின் நாக்கு ஆழமாக இரண்டாகப் பிளந்திருக்கும்.

4. வால்: பிடிபட்டால் அரணை வாலை முறித்துவிட்டு ஓடும், வால் மீண்டும் வளரும். பாம்புக்கு அறுந்த வால் வளராது.

5. வயிறு: பெரும்பாலான பாம்புகளுக்கு அடிவயிற்றில் அகன்ற பட்டைச் செதில்கள் ஒரே வரிசையாக இருக்கும். அரணைக்குச் சிறு செதில்கள் பல வரிசைகளில் இருக்கும்.

ஈரமண்ணில் மண்புழுவைப்போல் நெளியும் புழுப்பாம்பு உண்மையில் பாம்புதான். ஆயினும் அதனால் நமக்குத் தீங்கு இல்லை. எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளையும் புழுக்களையும் அது தின்கிறது.

அரணையால் நன்மை

வெட்டுக்கிளி, சுவர்க்கோழி, வண்டு, புழு, கறையான் ஆகியவை அரணையின் உணவு. கூலி கேட்காமல் பகல் முழுதும் வயலில் பூச்சி பொறுக்கும் வேலையாள் அது. வரப்போரத்துச் சருகுகளுக்குத் தீ வைப்பதாலும், தேவையின்றி மருந்து தெளிப்பதாலும் அரணையும் அதன் இரையும் சேர்ந்தே அழிகின்றன.

எச்சரிக்கை

மேற்கூறிய அடையாளங்களைப் பார்ப்பதற்காக எதையும் கையால் பிடிக்காதீர்கள். எட்ட நின்று கால் தெரிந்தால் அரணை. ஐயம் இருந்தால் பாம்பு என்றே கொண்டு விலகி நில்லுங்கள். சருகை அள்ள மண்வெட்டியோ கோலோ பயன்படுத்துங்கள்; காலில் செருப்பு அணியுங்கள்; இரவில் விளக்கின்றி நடக்காதீர்கள்.

கடித்தது எதுவென்று தெரியாதபோது "அரணைதான்" என்று சும்மா இருந்துவிடுவது பெருந்தவறு. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமலும் போகலாம். பல் பட்ட தடம்கூடத் தெரியாதிருக்கலாம். கண் இமை சரிவதும் மூச்சுத் திணறுவதும் பிறகுதான் தொடங்கும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான ஆண்டுகளில், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்களே.

ஆகையால் ஐயமான கடி எதுவாயினும் இறுகக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108 வண்டியை அழைத்து, நச்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு விரைந்து செல்லுங்கள்.

அரணையை அதன் போக்கில் விடுங்கள். ஐயமான கடியை மட்டும் ஒருபோதும் அதன் போக்கில் விடாதீர்கள்.